கேனன் ஆர்7 + ஆர்எஃப் 100-400: பள்ளி மைதான வெயிலுக்கு இந்த ஜோடி தாங்குமா?

பள்ளி விளையாட்டுப் போட்டிகளை எடுக்க ஒரு கேமரா வேண்டும் என்று கடையில் கேட்டால், முதலில் கைக்கு வருவது அகலத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் எஃப்/2.8 லென்ஸாகத்தான் இருக்கும் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும், வெளிச்சம் குறையும்). விலையைக் கேட்டதும் பாதிப் பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள். அந்த ஆலோசனை மழைமேகம் கவிந்த ஊர்களுக்கும், விளக்கொளியில் ஆடும் உள்ளரங்குகளுக்கும் பொருந்தும். காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிற நம் மைதானங்களில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. இங்கே படத்தைக் கெடுப்பது வெப்பம், கானல், புழுதி, உச்சிவெயில் நிழல், அப்புறம் மத்தியானத்துக்குள் தோளை அறுக்கும் எடை. இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால், கேனன் ஈஓஎஸ் ஆர்7 பாடியும் ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 லென்ஸும் சேர்ந்த ஜோடி போட்ட காசுக்கு நல்ல பலன் தரும். ஆனால் அதற்கென்று சில முரண்டுகள் உண்டு. தெரியாமல் வாங்கினால் முதல் போட்டியிலேயே கோபம் வரும்.

ஆர்7 2022-இல் வந்தது. ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழு ஃப்ரேம் சென்சாரைவிடச் சிறியது), 32.5 மெகாபிக்சல், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம், எலெக்ட்ரானிக் ஷட்டரில் 30. இரண்டு எஸ்டி கார்டு போடலாம். பேட்டரியும் கார்டும் சேர்த்து 612 கிராம். லென்ஸ் 2021-இல் வந்தது. 635 கிராம், முன்பக்க ஃபில்டர் 67 மி.மீ. சென்சார் சிறியது என்பதால் 1.6 மடங்கு நெருக்கம் கூடி, முழு ஃப்ரேம் கணக்கில் 160-640 மி.மீ. லென்ஸுக்குச் சமமாகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. இதே பாடியில் ஆர்எஃப் 100-500 எல் லென்ஸைப் போட்டால் இரண்டு கிலோவைத் தொடும். காலை ஏழு மணிக்கு அணிவகுப்பில் தொடங்கி மாலை பரிசளிப்பு வரை தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு அந்த முக்கால் கிலோ என்னவென்று தெரியும்.

எஃப்/8 என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/100 நொடி. இது ஃபிலிம் காலத்து விதி, இன்றும் அப்படியே பொருந்தும். எஃப்/8-க்குத் திறந்தால் நாலு மடங்கு வெளிச்சம் வரும், ஷட்டர் 1/400 ஆகும். ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றினால் 1/1600. 640-இல் 1/2500. ஓட்டப்பந்தயத்துக்கு 1/1600 போதும். கபடிக்கு 1/1250 கூடப் பரவாயில்லை. ஹாக்கி மட்டையும் நீளம் தாண்டுதலில் தெறிக்கும் மணலும் உறைந்து நிற்க 1/2000-க்கு மேல் வேண்டும். இவ்வளவும் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டாமலே கிடைக்கிறது. அந்த அளவில் ஆர்7 படத்தில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான சிதறல்) தெரியவே தெரியாது. எஃப்/2.8 லென்ஸ் வைத்திருப்பவர் இதே வெயிலில் பின்னணியை மங்கலாக்க லென்ஸை முழுக்கத் திறந்தால் ஐஎஸ்ஓ 100-இலேயே ஷட்டர் 1/3200-க்குப் போய்விடும். அந்த வேகம் அவருக்கும் பெரிதாகத் தேவையில்லை.

கணக்கு மாறுவது மாலை ஐந்தரைக்கு மேல்தான். 4 x 100 தொடர் ஓட்டமும் இறுதிப் போட்டிகளும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் தள்ளிப்போகும். சூரியன் சாய்ந்ததும் ஐஎஸ்ஓ 3200, பிறகு 6400 என்று ஏறும். இவ்வளவு பிக்சல் நெருக்கிய சென்சாரில் 6400 என்றால் வாட்ஸ்அப்புக்கும் நோட்டீஸ் போர்டுக்கும் சரி, ஃப்ளெக்ஸுக்கு ஆகாது. விளக்கு போட்டு ஆடும் இரவுக் கபடி, வாலிபால் ஆட்டங்களுக்கு இந்த லென்ஸை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். எஃப்/8-க்கும் எஃப்/2.8-க்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு): எஃப்/2.8 வைத்திருப்பவர் ஐஎஸ்ஓ 1600-இல் எடுப்பதை நீங்கள் 12800-இல் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஓர் இரவுக்குப் கேனனின் டிஎஸ்எல்ஆர் காலத்துப் பழைய இஎஃப் 70-200 எஃப்/2.8 லென்ஸை வாடகைக்கு எடுத்து அடாப்டரில் மாட்டுவது புத்திசாலித்தனம். ஆர்7-இல் அது நன்றாகவே ஓடும்.

எஃப்/8-க்கு இன்னொரு விலையும் உண்டு, அது பின்னணி. 400 மி.மீ.-இல் 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் பிள்ளையை எடுத்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம் கூர்மையாக விழும். ஃபோகஸ் தவறுகளை மறைக்க அது உதவி. ஆனால் பின்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை, விளம்பரத் தட்டி எல்லாமே அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்து நிற்கும். இதற்கு லென்ஸை நொந்து பயனில்லை. பின்னால் ஐம்பது மீட்டராவது வெறும் புல்லோ மரவரிசையோ இருக்கிற பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டும். முழங்காலிட்டு எடுத்தால் தலைக்குப் பின்னால் வானம் வரும். கேலரியில் ஏறி எடுத்தால் தரையே பின்னணியாகிவிடும்.

எங்கே நிற்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 400 மி.மீ.-இல் 30 மீட்டர் தூரத்தில் இந்த சென்சாரில் விழும் பரப்பு ஏறக்குறைய 1.7 மீட்டருக்கு 1.1 மீட்டர். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தலை முதல் கால் வரை சட்டகத்தை நிரப்பும். படுக்கையாகப் பிடித்தால் அதே அளவு 45 மீட்டரில் கிடைக்கும். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு முடிவுக்கோட்டைத் தாண்டி 25-30 மீட்டர் தள்ளி, ஓடுபாதைக்குச் சற்று வெளியே நிற்பது வசதி. ஓடி வருபவர்களை 400-இல் பிடித்து, கோட்டைத் தொடும்போது 200-க்கு இறக்கிக்கொள்ளலாம். ஹாக்கி மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர். கோல் கோட்டுக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்தால் நடுக்கோடு வரை இந்த லென்ஸ் எட்டும். அதற்கப்பால் நடப்பதை விட்டுவிடுங்கள், ஆட்டம் தானாக உங்கள் பக்கம் வரும்.

கபடிதான் இந்த லென்ஸுக்கு ஒத்துவராத ஆட்டம். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12-க்கு 8. கோட்டை ஒட்டி நின்றால் ரெய்டு வருபவர் ஐந்து மீட்டருக்குள் வந்துவிடுவார். 100 மி.மீ.-இல் அவருடைய மேலுடம்பு மட்டும்தான் சட்டகத்தில் இருக்கும். பிடிப்பவர்களின் கை எங்கே என்றே தெரியாது. களத்தின் மூலையிலிருந்து பத்து மீட்டர் பின்வாங்க இடம் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் நம் ஊர்க் கபடியில் அந்த இடத்தில் கூட்டம் நிற்கும். ஆர்7-உடன் செட்டாக வரும் 18-150 லென்ஸ் இங்கே கைகொடுக்கும். பாடியை மட்டும் வாங்காமல் அந்த செட்டாக வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

கானல்

இந்த ஜோடியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி “பத்து மணிக்கு மேல் எடுத்த படம் எதுவும் ஷார்ப்பாக இல்லை” என்பது. லென்ஸை சர்வீஸுக்குக் கொண்டுபோவார்கள், அங்கே எந்தக் கோளாறும் இல்லை என்று திருப்பித் தருவார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். சூடேறிய தரையை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும்பும், மேலே உள்ள காற்று கீழே இறங்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வேறுவேறு அளவில் வளைப்பதால், அந்த அடுக்குகளைக் கடந்து வரும் உருவம் நெளிகிறது. தூரம் கூடக்கூட நெளிவும் கூடும், 640 மி.மீ.-க்குச் சமமான நெருக்கம் அதை அப்படியே பெரிதாக்கிக் காட்டும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எஃப் எண்ணை மாற்றினாலும், ஷட்டரை 1/4000-க்கு ஏற்றினாலும் போகாது. வேகமான ஷட்டர் நெளிவை நெளிந்தபடியே உறைய வைக்கும், அவ்வளவுதான்.

கானலா ஃபோகஸா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அதே தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒரு பேனரையோ லேன் எண் எழுதிய பெட்டியையோ பத்துப் படம் தொடர்ச்சியாக எடுங்கள். எழுத்தின் ஓரங்கள் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு விதமாக நெளிந்திருந்தால் கானல். பத்தும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஃபோகஸைச் சந்தேகிக்கலாம்.

சிந்தெடிக் டிராக், தார், சிமென்ட், வெறும் செம்மண் இவைதான் மோசம். புல் பரவாயில்லை. ஈரமாக்கிய செயற்கை ஹாக்கித் தரை, தண்ணீர் காயும்வரை தாராளமாக ஒத்துழைக்கும். கோவில்பட்டி போன்ற ஊர்களில் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் தண்ணீர் அடித்த கையோடு வரும் முதல் சில நிமிடங்களை விடக்கூடாது. டிராக்கில் நீண்ட தூர ஷாட்டுகளை எட்டரை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, அதற்கு மேல் 20 மீட்டருக்குள் நடப்பதை மட்டும் எடுப்பது நல்லது: குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், ஓட்டத்தின் கடைசிப் பதினைந்து மீட்டர். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கும் அழகான கோணம், துரதிர்ஷ்டவசமாக, கானல் மிகத் தடித்திருக்கும் இடத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. பத்து மணிக்கு மேல் அதை விட்டுவிட்டு இரண்டு மூன்று படி ஏறி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு. ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸைச் சூடான வெளிக்காற்றில் உடனே நீட்டினாலும், வெயிலில் காய்ந்த கருப்பு ஹூட்டுக்குள் காற்று சூடாகிச் சுழன்றாலும், லென்ஸின் வாயிலேயே ஒரு குட்டிக் கானல் உண்டாகும். படம் ஏனோ மந்தமாக வருகிறது என்றால் ஹூட்டைக் கழற்றி நாலு படம் எடுத்துப் பாருங்கள். கேனனின் விலையுயர்ந்த டெலி லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பது வெப்பத்தைத் திருப்பி அனுப்பத்தான். இந்த 100-400 கருப்பு. எடுக்காத நேரத்தில் மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைப்பதே மலிவான பரிகாரம்.

கேமராவுக்கு எவ்வளவு சூடு ஆகும்?

ஆர்7 வேலை செய்யும் வெப்பநிலை என்று கேனன் குறிப்பிடுவது 0 முதல் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள். கத்திரி வெயிலில் நடக்கும் கோடைப் பயிற்சி முகாம்களில் நிழலிலேயே காற்று நாற்பதைத் தொடும். நேர் வெயிலில் கிடக்கும் கருப்பு பாடி அதைவிடச் சூடாகும். அதற்காகக் கேமரா உடனே நின்றுவிடாது. போட்டோ மட்டும் எடுத்தால், இடையிடையே நிழலில் வைத்தால், நாள் முழுக்க ஓடும். நிறுத்துவது வீடியோதான்: 7கே அளவில் படித்து 4கே-ஆகச் சுருக்கும் ஃபைன் மோடு பாடியைச் சீக்கிரம் சூடாக்கும். ஓட்டத்தை வீடியோவாகவும் கேட்கிறார்கள் என்றால் சாதாரண 4கே அல்லது முழு எச்டி போதும். திரையில் வெப்பமானிக் குறி வந்துவிட்டால் அணைத்து, திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திருப்பி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். ஐஸ் பையை ஒத்துவது, ஏசிக்கு முன்னால் வைப்பது எல்லாம் உள்ளே வியர்வை கட்டச் செய்யும் வேலை.

சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் இந்த வியர்வைதான் முதல் எதிரி. ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்த கேமராவை பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கண்ணாடியில் பனி படிந்த பிறகு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும். எட்டு மணிக்கு அணிவகுப்பு என்றால் ஏழரைக்குள் பை மைதானத்துக்கு வந்திருக்க வேண்டும். மூடிய காருக்குள் மட்டும் எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும்.

பேட்டரி எல்பி-இ6என்எச், 2130 எம்ஏஎச். நல்ல பேட்டரி. வியூஃபைண்டரையே பார்த்துக்கொண்டு அரைநாள் எடுக்க ஒன்று போதும், முழு நாளுக்கு இரண்டு, பாதுகாப்புக்கு மூன்றாவது. விலை குறைந்த போலி பேட்டரிகள் நம் வெயிலில் உப்பிக்கொள்ளும். உப்பியது உள்ளே சிக்கினால் வெளியே எடுக்க சர்வீஸ் சென்டர்தான் கதி. சார்ஜருக்கும் 5 முதல் 40 டிகிரி வரம்பு இருக்கிறது. எனவே சூடான பேட்டரியைக் கழற்றின கையோடு சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள்.

கேமராவைக் கீழே வைக்கும்போது வியூஃபைண்டரின் கண்பகுதி சூரியனைப் பார்க்கக்கூடாது. அந்தக் கண்ணாடி பூதக்கண்ணாடியாக வேலைசெய்து உள்ளே இருக்கும் சிறு திரையைச் சுட்டுவிடும். இது வாரன்டியில் வராது. கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவர்களுக்கும் இது பொருந்தும்: லென்ஸ் கீழே பார்த்தால் கண்பகுதி மேலே பார்க்கும். லென்ஸ் மூடியைப் போடுவதும் அதே அளவு அவசியம், மிரர்லெஸ் பாடியில் சென்சாருக்கு முன்னால் டிஎஸ்எல்ஆரில் உள்ளது போன்ற பிரதிபலிக்கும் கண்ணாடி எதுவும் மறைத்து நிற்பதில்லை.

30 படம் என்ற கவர்ச்சி

நொடிக்கு 30 படம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை விளையாட்டுக்கு நம்ப வேண்டாம். எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்த சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்க ஏறக்குறைய 30 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு ஏழரை மீட்டர் ஓடும் பிள்ளை அதற்குள் 20 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். தலையும் காலும் வேறுவேறு நேரத்தில் பதிவாவதால் உடல் சாய்ந்து தெரியும். ஹாக்கி மட்டை வளையும், ஓடுபவரோடு கேமராவைத் திருப்பினால் பின்னால் உள்ள கம்பமெல்லாம் சாயும். மெக்கானிக்கல் ஷட்டரின் 15 படமே தாராளம். அல்லது ஷட்டரின் முதல் திரையை மட்டும் எலெக்ட்ரானிக்காக்கும் முறையில் வைக்கலாம். அந்த முறையால் பின்னணி மங்கல் சிதைகிறது என்ற குறை அகலத் திறந்த லென்ஸ்களுக்குத்தான், எஃப்/8-இல் கவலையே இல்லை.

ஷட்டரை அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே பதிவுசெய்யும் ரா பர்ஸ்ட் வசதி (ரா என்பது கேமரா திருத்தாத மூலப் பதிவு, பர்ஸ்ட் என்பது தொடர் படங்கள்) உயரம் தாண்டுதலுக்கு ஆசைகாட்டும். அதுவும் எலெக்ட்ரானிக் ஷட்டர்தான். போதாததற்கு எல்லாப் படமும் ஒரே கோப்பாகச் சுருண்டு கிடக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். மாலைக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியவர் அதைத் தொடாமல் இருப்பது நலம்.

ஃபோகஸ் அமைப்பு பெருமளவு நன்றாகவே இருக்கிறது. ஆளைக் கண்டறி, கண்ணைப் பிடி, செர்வோ (நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை), இவ்வளவு வைத்தாலே தனியாக ஓடிவரும் ஒருவரை விடாது. எட்டுப் பேர் ஒன்றாக ஓடிவரும்போது முழுப்பரப்பு ட்ராக்கிங் தனக்குப் பிடித்த முகத்துக்குத் தாவும். அப்போது ஒரு பகுதிக்குள் மட்டும் ஃபோகஸ் தேடும் ஸோன் முறைக்கு மாற்றி, உங்கள் ஆள்மேல் வைத்துத் தொடங்க வேண்டும். கபடியிலும் ஹாக்கியிலும் நடுவே ஆள் குறுக்கிடுவதால் செர்வோவில் கேஸ் 2 என்ற அமைப்பு பொருந்தும். கால்பந்தில் நின்று நின்று பாய்வதற்குக் கேஸ் 4.

குறை என்னவென்றால், ஒரே பர்ஸ்டில் வரும் படங்களில் சில காரணமே இல்லாமல் இம்மி அளவு ஃபோகஸ் தவறியிருக்கும். அடுத்த படம் சரியாக இருக்கும். இது ஆர்7 வைத்திருப்பவர்கள் பரவலாகச் சொல்லும் குறை. எஃப்/8-இன் ஆழம் பாதியை மறைத்துவிடுகிறது, மீதியை மறைக்க 5-6 படங்கள் கொண்ட குட்டி பர்ஸ்டுகளாகப் பிரித்து எடுப்பது உதவும். ஒரே படத்தை நம்பி நிற்பவருக்கு இது சரியான பாடி அல்ல.

உச்சிவெயிலில் முகம்

பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் சூரியன் சென்னையில் தொடங்கிக் குமரி வரை ஒவ்வோர் ஊராகத் தலைக்கு நேர் மேலே வந்து போகும். நண்பகல் பன்னிரண்டே காலை ஒட்டி நிழல் காலடியில் சுருண்டுவிடும். கண்குழிகளும் மூக்குக்குக் கீழும் கருத்துப் போகும். கேமராவின் தானியங்கி அளவீடு வெள்ளை பனியனைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நம் பிள்ளைகளின் மாநிறமும் கருநிறமும் அதில் நிலக்கரியாகிவிடும்.

மேனுவல் முறையில் ஷட்டர் 1/2000, எஃப்/8 என்று பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை முகத்துக்குப் பார்த்து ஒரு தரம் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் குறுக்கே வராத வரை அதை மாற்றவே வேண்டாம். பனியன் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும். ஹைலைட் டோன் ப்ரயாரிட்டியைப் போட்டுவைத்தால் ஜேபெக்கிலும் வெள்ளைத் துணியின் மடிப்பு கொஞ்சம் மிஞ்சும். ஒன்பது மணிக்கு முன்னும் மூன்றரைக்குப் பின்னும் சூரியன் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கமாக நிற்பது நல்லது: முகத்தில் சீரான நிழல், தலைமுடி ஓரத்தில் ஒளிக்கோடு, கண் சுருங்காது. இந்த நிலையில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். செம்மண் மைதானம் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடித்து நிழலை நிரப்பும், இலவச ரிஃப்ளெக்டர். பதிலுக்குத் தாடையெல்லாம் சிவக்கும். வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாமல் 5200 கெல்வின் அளவில் நிறுத்தினால் பிறகு எல்லாப் படத்தையும் ஒரே திருத்தத்தில் சரிசெய்யலாம்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை பரிசளிப்பு. சிவப்பும் நீலமும் கலந்த சாமியானாவுக்குக் கீழே விருந்தினர் ஒரு நிறத்திலும் கோப்பை வாங்கும் பிள்ளை வேறு நிறத்திலும் நிற்பார்கள். எந்த கேமராவும் இதைச் சரியாக்காது. மேடையை விட்டு ஒரு அடி வெளியே வந்து நிற்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த அரைமணி நேரம் மட்டும் ராவில் எடுங்கள்.

மற்ற நேரமெல்லாம் ஜேபெக் போதும் என்பதற்குக் காரணம் பஃபர், அதாவது கார்டில் எழுதும்வரை படங்கள் தங்கும் கேமராவின் தற்காலிக நினைவகம். ராவில் 15 படம் வேகத்தில் ஐம்பதைத் தொட்டதும், அதாவது மூன்று நொடி சொச்சத்தில், வேகம் விழுந்துவிடும். ஒவ்வொரு ரா கோப்பும் 35 எம்பி அளவில் இருப்பதால் சாதாரண யுஎச்எஸ்-1 கார்டில் அது எழுதி முடிக்க இருபது நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த ஹீட் ஓடி முடிந்திருக்கும். ஜேபெக்கில் இந்தச் சிக்கலே வராது. யுஎச்எஸ்-2, வி60 என்று குறித்த வேகமான கார்டு ஒன்றாவது வாங்குங்கள். இரண்டாவது ஸ்லாட்டில் நகல் எழுதவிடலாம். நூறு பிள்ளைகளின் ஒரே நாள் போட்டியை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. ஒரு ஸ்லாட்டில் வேகக் கார்டும் இன்னொன்றில் மெதுவான கார்டும் போட்டு நகல் எழுதினால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் கேமரா காத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

புழுதி விஷயத்தில் இந்த ஜோடி சமமில்லாத கூட்டு. பாடிக்கு ஓரளவு தூசி, ஈரத் தடுப்பு உண்டு. லென்ஸுக்கு எதுவும் கிடையாது, அதோடு ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீண்டு காற்றை உள்ளே இழுக்கும். நீளம் தாண்டுதல் குழிக்குக் காற்று வீசும் திசையில் நிற்காதீர்கள், மைதானத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். நீண்ட குழாயைச் சுருக்குவதற்கு முன்னால் ஊதுகுமிழால் புழுதியை ஊதிவிடுங்கள். ஊதாமல் துணியால் துடைப்பது மணலால் தேய்ப்பதற்குச் சமம். வியர்வையில் உப்பு இருப்பதால் மாலையில் பாடியை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் ரப்பரும் பொத்தான்களும் நீண்ட நாள் வரும்.

கைப்பிடி வசதி நன்றாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. பின்பக்கச் சக்கரத்தை ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி, வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வேறு எந்த கேனனிலிருந்து வந்தாலும் கட்டைவிரல் தேடும். வியர்த்த கையில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளப்போய்ச் சக்கரம் உருண்டு எக்ஸ்போஷர் மாறிவிடும். மெனுவில் பூட்டு வசதி இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் ஏதாவது ஒரு கோணத்தில் திரை கருத்துப்போகும். கண்ணாடிக்குப் பதில் அகலத் தொப்பி போடுங்கள், முன்விளிம்பு வளையக்கூடியதாக இருக்கட்டும்.

வேறு என்ன வாங்கலாம்? தன் பிள்ளையின் ஆட்டத்தை மட்டும் எடுக்க நினைக்கும் பெற்றோருக்கு ஆர்7 தேவையே இல்லை. ஆர்10 பாடியும் மெக்கானிக்கல் ஷட்டரில் அதே 15 படம்தான் எடுக்கும், 429 கிராம். பாடிக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை என்பது 1/2000 ஷட்டரில் பொருட்டல்ல. ஒற்றைக் கார்டு, சிறிய பேட்டரி, சீக்கிரம் நிரம்பும் பஃபர் இவைதான் விட்டுக்கொடுப்பு. அதே 100-400 லென்ஸைப் போட்டால் ஒரு கிலோ சொச்சத்தில் முடிந்துவிடும். சோனி ஏ6700 பாடியும் 70-350 லென்ஸும் ஃபோகஸ் உறுதியில் ஆர்7-ஐ விட நம்பகமானவை, எஃப்/6.3 வரை திறப்பதால் மாலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் நொடிக்கு 11 படம், கார்டு ஒன்றுதான். பள்ளிக்கோ சங்கத்துக்கோ பணம் வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு அந்த இரண்டாவது கார்டு இல்லாதது உறுத்தும். கேனனிலேயே ஆர்எஃப் 70-200 எஃப்/4 எல் வெள்ளை நிறம், தூசித் தடுப்பு, 695 கிராம். கபடி, வாலிபால், குண்டு எறிதல் மட்டும் எடுப்பவருக்கு 100-400-ஐ விட அதுதான் பொருத்தம், விலைதான் தடுக்கும்.

வெளியானபோது அமெரிக்காவில் ஆர்7 பாடி 1,499 டாலர், 100-400 லென்ஸ் 649 டாலர். இங்கே பண்டிகைக் காலத் தள்ளுபடியில் விலை நன்றாகவே இறங்கும், அவசரமில்லாதவர் ஆயுதபூஜை வரை பொறுக்கலாம். இந்திய வாரன்டி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கள்ளச்சந்தைச் சரக்கில் மிச்சமாகும் பணம் ஒரே ஒரு ரிப்பேரில் போய்விடும். லென்ஸ் பெட்டிக்குள் ஹூட் இருக்காது, இடி-74பி என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழையதாக வாங்கினால் லென்ஸை 400 வரை நீட்டி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள். ஒன்றிரண்டு தூசி படத்தில் தெரியாது. மாவு தூவியது போல் மெல்லிய படலம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.